பாலுக்கு ஒரு பரீட்சை: ரசாயனக் கலப்படத்தை உடனே கண்டறிவது எப்படி?

திண்டுக்கல் சமவெளியில் மானாவாரி நிலம் அதிகம். மழை தவறினால் நிலக்கடலையும் சோளமும் கைவிட்டுவிடும். கிணறு வற்றினால் காய்கறியும் போயிற்று. அப்போதும் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை கொட்டிலில் கட்டியிருக்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகள்தான். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, நத்தம், வடமதுரைப் பக்கங்களில் மளிகைக் கடைப் பாக்கிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் பால் பணமே கைகொடுக்கிறது.

அந்தப் பணத்தைத் தீர்மானிப்பது சொசைட்டி மேஜையில் நடக்கும் சோதனை. ஒருவர் தூக்குவாளியில் கொண்டுவரும் கெட்ட பால், கேனில் சேர்ந்ததும் ஊரார் அனைவரின் பாலையும் கெடுத்துவிடுகிறது. சோதனை சரியாக நடந்தால் நேர்மையானவனுக்குக் காவல். நடக்காவிட்டால் கலப்படம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே விலை, ஒரே கெட்ட பெயர். ஆகவே பால் சோதனையைப் பால் ஊற்றும் விவசாயியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நெய்யால் வந்த பேச்சு

2024-ஆம் ஆண்டு திண்டுக்கல்லின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு லட்டுக்காக நெய் அனுப்பிய நிறுவனங்களில் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஏ.ஆர். டெய்ரியும் ஒன்று. அந்த ஆண்டு ஜூலையில் டேங்கர்களில் இருந்து எடுத்த மாதிரிகள், குஜராத் மாநிலம் ஆனந்தில் தேசிய பால்வள வாரியத்தின் ஆய்வகத்துக்குச் சென்றன. நெய்யில் வேற்றுக் கொழுப்பு கலந்திருக்கக்கூடும் என்று அறிக்கை வந்தது. செப்டம்பரில் அது வெளியானதும் பெரும் பரபரப்பு ஏற்பட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 4-ந் தேதி ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்க உத்தரவிட்டது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது அந்த அறிக்கையின் இன்னொரு பகுதி. நெய்யின் கொழுப்புக் கூறுகளை நுட்பமான கருவியில் பிரித்து அளந்து, 'எஸ் மதிப்பு' என்ற கணக்கைப் போடுகிறார்கள். சுத்தமான பால் கொழுப்புக்கு அது நூறை ஒட்டி வரும். ஆனால், மாடு தீவனமின்றி மெலிந்திருந்தாலும், பருத்தி, பனை போன்ற தாவர எண்ணெய் மிகுந்த தீவனத்தை அளவுக்கு மீறித் தின்றிருந்தாலும் கலப்படம் இல்லாமலே அளவு மாறக்கூடும் என்று அறிக்கையே எச்சரித்திருந்தது.

இது புதிய சங்கதி அல்ல. பருத்திக்கொட்டையை மாடுகளுக்கு அதிகம் போடும் வட்டாரங்களில் நெய்யின் குணம் மாறுகிறது என்பதால், பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்ட விதிகள் குஜராத்தின் பருத்தி வட்டாரங்களுக்கு நெய்க்குத் தனி அளவே வைத்திருந்தன. மாடு தின்பது பாலில் தெரியும். சோதனை எதுவானாலும் இந்த உண்மையை மறக்கக் கூடாது.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய்

பாலில் யூரியாவும் சோப்புத்தூளும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எல்லாம் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால், 28 டிகிரி காட்டும் பால் 25 டிகிரிக்கு இறங்கிவிடும். இறங்கிய டிகிரியை ஏற்றச் சர்க்கரை, உப்பு, யூரியா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். நீர்த்த பாலுக்குக் கெட்டித் தோற்றம் தர மாவு. குறைந்த கொழுப்பை ஈடுகட்டச் சமையல் எண்ணெய். எண்ணெய் மிதக்காமல் பாலோடு கலக்கச் சோப்புத்தூள். புளிக்கத் தொடங்கிய பாலின் புளிப்பை மறைக்கச் சோடா. கெடாமல் இருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது பார்மலின். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்வது போலத்தான் இது.

பெரும்பாலான நேரங்களில் இந்த வேலை மாடு வைத்திருப்பவர் வீட்டில் நடப்பதில்லை. பால் கைமாறிப் பயணம் போகும் வழியில் நடக்கிறது. 2014 ஆகஸ்டில் திண்டிவனம் அருகே ஆவின் டேங்கர் லாரியில் இருந்து பாலை இறக்கிவிட்டு, ஈடாகத் தண்ணீர் ஊற்றியதாகச் சிலர் பிடிபட்டனர். அப்படிப்பட்ட சமயத்தில், "எங்கள் ஊரில் இருந்து புறப்பட்டபோது பால் நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்வதற்கு ஆதாரம், கிராமத்தில் எடுத்த சோதனைக் குறிப்பு மட்டுமே.

டிகிரி பார்ப்பதில் கவனம்

லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி. 28 என்று காட்டினால் பாலின் ஒப்படர்த்தி 1.028 என்று பொருள். அந்தக் கருவி எந்த வெப்பநிலைக்குச் செய்யப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கும். பால் அதைவிடச் சூடாக இருந்தால் டிகிரி குறைத்துக் காட்டும். ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் சுமார் 0.2 கூட்டிக்கொள்ள வேண்டும். கறந்த சூட்டோடும் நுரையோடும் அளந்தாலும் குறைத்தே காட்டும். அரை மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாகக் கலக்கி, நுரையின்றி ஊற்றி அளப்பதே முறை.

டிகிரியை மட்டும் நம்புவதும் தவறு. பாலின் ஆடையை எடுத்துவிட்டால் டிகிரி ஏறும். பிறகு தண்ணீர் ஊற்றினால் பழைய இடத்துக்கே இறங்கும். இரண்டு திருட்டும் நடந்திருக்கும், லாக்டோமீட்டரோ நல்ல பால் என்று சொல்லும். அதனால்தான் கொழுப்புச் சோதனையும் கூடவே வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கெர்பர் கண்ட முறையில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் சேர்த்து, குழாயைச் சுழல் எந்திரத்தில் சுற்றினால் கொழுப்பு தனியே பிரிந்து அளவு காட்டும். இன்று பல இடங்களில் மின்னணுக் கருவி அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தக் கருவியையும் நாள்தோறும் கழுவ வேண்டும். அவ்வப்போது கெர்பர் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். அழுக்கேறிய கருவி விவசாயியின் காசைத் தின்றுவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

கொஞ்சம் அயோடின் டிங்க்சர், சிவப்பு லிட்மஸ் தாள், இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருந்தால் போதும். எதைச் சோதித்தாலும், கண்ணெதிரே கறந்த நல்ல பாலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மாவு: இரண்டு மூன்று மில்லி பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இரண்டு மூன்று சொட்டு அயோடின் விட வேண்டும். நீல நிறம் வந்தால் மாவு கலந்திருக்கிறது. நெய்யிலும் வெண்ணெயிலும் உருளைக்கிழங்கு மாவு கலந்திருந்தால் இதே சோதனை காட்டிக்கொடுக்கும்.

சோப்புத்தூள்: ஐந்து பத்து மில்லி பாலில் அதே அளவு தண்ணீர் சேர்த்து நன்றாகக் குலுக்க வேண்டும். நல்ல பாலில் லேசான நுரை வந்து அடங்கும். சோப்புத்தூள் இருந்தால் நுரை திரண்டு நிற்கும்.

யூரியா: ஒரு தேக்கரண்டிப் பாலில் அரைத் தேக்கரண்டி சோயா மாவு அல்லது துவரம் பருப்பு மாவு போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிடம் நனைத்து எடுத்தால், யூரியா இருக்கும் பாலில் தாள் நீலமாகும். பருப்பில் உள்ள நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குவதே காரணம். மாவு போடுவதற்கு முன்பே பாலில் தாளை நனைத்துப் பார்ப்பது நல்லது. அப்போதே நீலமானால் அது சோடாவின் வேலையாக இருக்கலாம்.

உறை: நல்ல உறை ஊற்றியும் தயிர் தோயாமல் பால் அப்படியே நின்றால் சந்தேகப்பட வேண்டும். பெராக்சைடு, பார்மலின், அல்லது மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இருக்கக்கூடும். இது தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மட்டுமே.

கைபடக் கூடாதவை

சில சோதனைகளுக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். சோடாவுக்கு ரோசாலிக் அமிலக் கரைசல் உண்டு. பாலோடு ஆல்கஹால் சேர்த்து அதில் சில சொட்டு விட்டால், சோடா கலந்த பால் ரோஜா நிறமாகும். நல்ல பால் பழுப்பாகவே இருக்கும். பெராக்சைடு இருந்தால் பொட்டாசியம் அயோடைடும் மாவும் கலந்த கரைசல் பாலை நீலமாக்கும். பார்மலினுக்குக் கந்தக அமிலத்தைக் குழாயின் ஓரமாக இறக்குவார்கள். பாலும் அமிலமும் சேரும் இடத்தில் ஊதா வளையம் தெரியும். நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் துளி சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கும்போது அடியில் செந்நிறம் தங்கும். வனஸ்பதியில் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வைத்ததே இப்படிக் கண்டுபிடிப்பதற்காகத்தான். ஆனால் நல்லெண்ணெய் இல்லாத பாமாயிலை நேரடியாகக் கலந்தால் இந்தச் சோதனை பேசாது.

அமிலங்கள் கண்ணையும் கையையும் பொசுக்கிவிடும். வீட்டில், அதுவும் குழந்தைகள் இருக்கும் இடத்தில், இவற்றை முயலக் கூடாது.

அரை நிமிடத்தில் காகிதம் சொல்லும்

இத்தனை பாட்டில்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அடக்கினால் என்ன? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பல்லப் சின்ஹா மகாபாத்ராவும் அவருடைய குழுவினரும் அதைத்தான் செய்தார்கள். 2023-ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சாதனத்தில், வடிதாள் அடுக்குகளில் ரசாயனங்களை முன்கூட்டியே ஊறவைத்து உலர்த்தியிருக்கிறார்கள். ஒரு மில்லி பால் போதும். பால் காகிதத்தில் தானே ஊறிப் பரவி, அந்தந்த இடத்தில் நிறம் காட்டுகிறது. யூரியா, சோப்புத்தூள், சோப்பு, மாவு, ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, உப்பு ஆகிய ஏழையும் 30 வினாடிகளில் கண்டறியலாம் என்று அக்குழு தெரிவித்தது. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனமும் பாலில் நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாள்களை உருவாக்கியிருக்கிறது.

எந்தத் தாளானாலும் முதல் சல்லடைதான். தாள் நிறம் மாறியவுடன் ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. மறு சோதனை, பிறகு ஆய்வகம் என்பதே சரியான வரிசை.

நல்ல பாலும் தோற்கும் நேரம்

"டிகிரி இல்லை, தண்ணி சேர்ந்திருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொன்னால், சேர்க்காதவருக்கு எப்படி இருக்கும்? சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை பல.

மடிநோய் வந்த மாட்டின் பாலில் உப்புச்சத்து கூடும், புளிப்புத்தன்மை குறையும், திடப்பொருள் இறங்கும். சோதனையில் அது உப்போ சோடாவோ கலந்த பால் போலவே தோன்றும். வெளியே வீக்கம் தெரியாத நிலையிலும் இப்படி நடக்கலாம். பசுந்தீவனமும் கலப்புத் தீவனமும் குறைந்து வெறும் வைக்கோலில் நிற்கும் மாட்டின் பாலிலும் திடப்பொருள் குறையும். கோடை வெயிலில் வாடும் கலப்பின மாடுகளுக்கும் இதே கதி.

யூரியாவும் பாலில் இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. அதனால்தான் 100 மில்லியில் 70 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. பிண்ணாக்கை அளவுக்கு மீறி வைத்தாலும், யூரியா ஊட்டிய வைக்கோலை முறை தவறிக் கொடுத்தாலும் அந்த அளவு ஏறும்.

தூக்குவாளியைக் கழுவிய தண்ணீர் அடியில் நின்றாலும் தண்ணீர்தான். கவிழ்த்து வடித்துவிட்டுக் கறக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். கன்று ஈன்ற முதல் ஐந்து நாள் சீம்பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

கலக்காமலே கலப்பவை

இனிச் சொல்வதுதான் முக்கியமானது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. ரசாயனக் கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. அவற்றில் தமிழ்நாட்டு மாதிரி ஒன்றுகூட இல்லை. ஆனால் 'அப்ளாடாக்சின் எம்1' என்ற பூஞ்சை நஞ்சு 368 மாதிரிகளில் அளவை மீறியிருந்தது. அதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சோதித்த 551-ல் 88 மாதிரிகள். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் மருந்தின் மிச்சம் 77 மாதிரிகளில் அளவை மீறியிருந்தது.

வேண்டுமென்றே கலப்பதைவிட, அறியாமல் கலந்துவிடுவதே அதிகம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இதற்கு அயோடினும் லிட்மஸும் உதவாது. பாலைக் காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது. பால் நிறுவனங்கள் இதற்கென்று தனிச் சோதனைத் தாள் வைத்திருக்கின்றன.

இந்த நஞ்சு வருவது பூசணம் பிடித்த தீவனத்தில் இருந்து. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடியபோது பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரிந்தது. நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை மூன்றும் இந்தப் பூஞ்சைக்கு உகந்தவை. நம் மாடுகளுக்குப் போடுவதும் இவற்றைத்தான். பூசணம் பிடித்ததைத் தின்ற ஒரு நாளிலேயே நஞ்சு பாலில் தெரியத் தொடங்கும். அந்தத் தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் மறைந்துவிடும். அதாவது, மருந்து விவசாயியின் கையிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. கடலைக் காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் வரை காயவைக்க வேண்டும். மழையில் நனைந்ததையும் சொத்தையையும் பிரித்துவிட வேண்டும். பிண்ணாக்கு மூட்டையை மண் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காமல் வாங்குவது நல்லது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தால், மனிதருக்கு ஆகாதது மாட்டுக்கு ஆகட்டும் என்று வைக்கக் கூடாது. எருக்குழியில் போட்டுவிட வேண்டும். தீவனத்தில் சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

மருந்து விஷயமும் இப்படியே. மடியில் மருந்து செலுத்தினாலும் ஊசி போட்டாலும், எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, அட்டையில் தேதி எழுதிக் கொட்டிலில் தொங்கவிட வேண்டும். ஒரு காம்பில் மட்டும் மருந்து போட்டாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்கவே வேண்டும். நாலு நாள் பாலைக் கொட்டுவது நஷ்டம்தான். ஆனால் அந்த ஐந்து லிட்டர், கேனில் சேர்ந்து ஊர்ப்பாலையே திருப்பி அனுப்ப வைத்தால் நஷ்டம் ஊருக்கே.

கேட்டுப் பெற வேண்டியவை

ஒவ்வொருவர் பாலும் கேனில் ஊற்றுமுன் தனித்தனியே, அவர் கண் முன்னால் சோதிக்கப்பட வேண்டும். கொழுப்பும் இதர திடப்பொருளும் குறித்த சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். எண் திடீரென்று இறங்கினால் சண்டைக்குப் போகாமல், அதே பாலை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். அடுத்த வேளை, சொசைட்டி ஆள் முன்னிலையில் கறந்த பாலை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. இரண்டும் ஒரே எண் காட்டினால் குறை மாட்டிடமோ தீவனத்திலோ இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் நெய்யிலோ பாலிலோ சந்தேகம் இருந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம். வாங்கும்போதே விற்பவரிடம் அதைத் தெரிவித்துவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பால் சோதனை, மடிநோய், தீவனப் பராமரிப்பு பற்றிய சந்தேகங்களைத் திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தில் கேட்டுத் தெளியலாம்.

2023 டிசம்பர் 18 முதல் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து, பசும்பாலுக்கு 38 ரூபாய், எருமைப்பாலுக்கு 47 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, விலை போதாது என்ற குரல் இருக்கவே செய்தது. கூடுதல் விலை கேட்பதற்கு விவசாயியின் கையில் உள்ள பலமான சாட்சி, எந்தச் சோதனைக்கும் நிற்கும் பால்தான். பிண்ணாக்கு மூட்டையைப் பார்ப்பதில் தொடங்கி, சோதனைச் சீட்டை வாங்கி மடித்துவைப்பது வரை அந்தச் சாட்சியைக் காப்பது அவரவர் பொறுப்பாகும்.